மறு: திராட்டில் பாடி போர்ட்டிங் – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

சாட்ஸ்வர்த், வகுப்பு ஆசிரியை:

வணக்கம். சனிக்கிழமை வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு இந்தப் பருவம் கார்ப் பாடம். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் மின்னணு திராட்டில் பாடியை வீட்டிலேயே போர்ட்டிங் செய்வது, அதாவது அதன் காற்றுவழியைச் சீராக்குவது பற்றி ஒரு பக்கத் துண்டறிக்கை. பட்டறை அண்ணன் எழுதித் தருகிறார், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். தலைப்புக்குத்தான் சொல் இல்லை. ஒரு பையன் 'துறைமுகமாக்கல்' என்று எழுதிக் கொடுத்தான். துறைமுக நகரமான டர்பன் பிள்ளை, வேறென்ன எழுதுவான்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா:

இதற்கு ஏன் அம்மா அலையவேண்டும்? ஆங்கிலச் சொல்லே தொண்டையிலிருந்து வந்தது. நம்மிடம் மிடறு இருக்கிறது. 'உந்தி முதலா முந்துவளி தோன்றித் தலையினும் மிடற்றினும் நெஞ்சினும் நிலைஇ' என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் தொடங்குகிறது. வளியும் மிடறும் ஒரே நூற்பாவில்! எஞ்சினும் மூச்சு வாங்கும் பொருள்தான். ஆகவே 'மின்னணு வளிமிடறு அகட்டல்'. முடிந்தது.

ஃபீனிக்ஸ் அக்கா:

முடியவில்லை ஐயா. மிடறு என்றால் பிள்ளைகளுக்கு ஒரு வாய்த் தண்ணீர், அவ்வளவுதான். உள்ளே ஒரு தகடு திறந்து மூடுகிறது. நீரைத் திறந்து மூடுவது மதகு, காற்றைத் திறந்து மூடுவது வளிமதகு.

ஜோகன்னஸ்பர்க் தம்பி:

மதகை இங்கே யார் பார்த்தார்கள் அக்கா? 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தவர்கள் கரும்பு வெட்டப் போனார்கள், மதகு ஊரிலேயே நின்றுவிட்டது. திராட்டில் என்றே இருக்கட்டுமே. சிக்னலை ரோபோ என்கிற நாட்டில் இதற்கு மட்டும் என்ன தீட்டு? காற்றின் அருமை தெரிய இங்கே வந்து வண்டி ஓட்டிப் பாருங்கள். சுமார் 1,750 மீட்டர் உயரம், டர்பனைவிடக் காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத கார் கடற்கரைக்கு இறங்க இறங்கத்தான் உயிர் பெறும். எதை அகட்டினாலும் அந்தக் குறை தீராது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா:

சிவராத்திரிக்குக் கறைமிடற்றண்ணலைப் பாடும் பிள்ளைகளுக்கு மிடறு தெரியாதா?

ஃபீனிக்ஸ் அக்கா:

பத்து வருட வண்டியின் பாடியைக் கழற்றிப் பாருங்கள் ஐயா, உள்ளே கரி படிந்து கறைமிடறுதான். சரி, 'மின்னணு' என்பதற்குப் பதில் 'கம்பியில்லா' என்றால் என்ன? ஆக்சிலேட்டர் கம்பிதான் இல்லையே.

ஜோகன்னஸ்பர்க் தம்பி:

கம்பியில்லா என்றால் வானொலி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பட்டறை அண்ணன்:

நான் இதில் வாய் திறப்பதாக இல்லை. ஆனால் தலைப்பில் 'அகட்டல்' என்று இருந்தால் துண்டறிக்கையை வேறு யாராவது எழுதட்டும். வாசித்த பையன் அரத்தை எடுத்துத் துளை முழுவதையும் அகட்டுவான். 60 மில்லிமீட்டர்த் துளையை 62 ஆக்கினால் பரப்பு ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும், உண்மைதான். அப்புறம் அந்த அளவுக்குப் புதுத் தகடு வேண்டும், லேத் வேண்டும். அது வீட்டு வேலை இல்லை.

வீட்டில் செய்வது வேறு. வாய்ப் பக்கம் வார்ப்பில் நின்ற விளிம்பையும் படியையும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவதோடு சரி. தகடு வந்து உட்காரும் வளையத்தில் கை படக்கூடாது. அங்கே இடைவெளி மயிரிழைதான். சில பாடிகளில் அந்த இடத்தில் கறுப்புப் பூச்சு ஒன்று இருக்கும். அழுக்கென்று துடைத்தால் மூடிய பிறகும் காற்று ஒழுகும், ரோபோவில் நிற்கும்போது எஞ்சின் வேகம் தானாக ஏறும். தகட்டைக் கழற்றவும் வேண்டாம். அதன் திருகுகளின் நுனியை நசுக்கி வைத்திருப்பார்கள். திரும்பப் பூட்டும்போது ஒன்று சரியாகப் பிடிக்காமல் பின்னால் உருவிக்கொண்டால் நேரே எஞ்சினுக்குள் போகும். பக்கத்துப் பெட்டியில் மோட்டாரும் பல்சக்கரமும், தகட்டின் கோணம் சொல்ல இரண்டு சென்சாரும் இருக்கின்றன. அலுமினியத் தூள் உள்ளே போகாமல் முதலில் ஒட்டி அடைக்கவேண்டும். இரண்டு சென்சாரும் ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டர் எஞ்சினை நொண்டவிடும். மாட்டிய பிறகு கம்ப்யூட்டருக்கு ஐடிலிங்கை, அதாவது மிதிக்காமல் எஞ்சின் ஓடும் வேகத்தை, புதிதாகப் பழக்கவும் வேண்டும். இத்தனைக்கும் பவர் பெரிதாகக் கூடாது, மிதித்தவுடன் கொஞ்சம் துள்ளும். அதையும் எழுதியிருக்கிறேன்.

தச்சர் பலகையை இழைப்பதுபோல மேலாக எடுக்கிற வேலை. 'இழைப்பு' என்று போடுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா:

இழைப்பு நல்ல சொல். இழைப்புளி என்பதில் புளி இல்லை, இழைப்பு + உளி. நூலிழைக்கும் அணிகலனுக்கும் இழை என்றே பெயர். மூன்றிலும் நுணுக்கம் என்ற ஒரே வேர்தான் என்பது என் கட்சி. இதைத் தனி மடலில் விரிவாக...

ஃபீனிக்ஸ் அக்கா:

தனி மடலிலேயே இருக்கட்டும் ஐயா. இப்போது வியாழக்கிழமை இரவு.

சாட்ஸ்வர்த், வகுப்பு ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. தலைப்பு 'வளிமதகு இழைப்பு'. முதல் வரியில் ஒருமுறை 'அதாவது திராட்டில் பாடி போர்ட்டிங்' என்று வரும், உள்ளே திராட்டில்தான். வகுப்பில் கழற்றப்போவது மின்னணுப் பாடி ஒன்றுதான் என்பதால் 'மின்னணு'வைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா:

அகட்டலை விட்டுக்கொடுத்தேன். மிடற்றை விடுவதாக இல்லை. அடுத்த பதிப்புக்குள் பேசுவோம்.

பட்டறை அண்ணன்:

மிடறோ மதகோ, கறுப்புப் பூச்சு பற்றிய வரியை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள் டீச்சர்.