மும்பையில் போன இடமெல்லாம் ஏமாற்றம்: நாளை ஒரே நாளில் எலிஃபெண்டாவும் ஹாஜி அலியும் பார்க்க முடியுமா?

கரிசல்பயணி:
பெற்றோருடன் முதன்முறையாக மும்பை வந்திருக்கிறோம். இன்று திங்கட்கிழமை. காலையில் கேட்வே ஆஃப் இந்தியா படகுத்துறைக்குப் போனால், எலிஃபெண்டா குகைகளுக்குத் திங்கள்தோறும் விடுமுறை என்றார்கள். அங்கே நின்ற ஒருவர், தீவுப் பக்கம்தான் போகும் என்று சொல்லி ஏற்றிவிட்ட படகோ, துறைமுகத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஏறிய படியிலேயே எங்களை இறக்கிவிட்டது. பிறகு ஹாஜி அலி தர்காவுக்காகச் சர்ச்கேட்டில் மின்சார ரயில் ஏறினோம். மும்பை சென்ட்ரலை அடுத்து மகாலட்சுமி என்று வாசலருகே தயாராக நிற்க, வண்டி அங்கே நிற்காமல் தாதருக்குப் போய்விட்டது. ஒருவழியாகக் கடற்கரையை அடைந்தபோது மணி ஒன்று. தர்காவுக்குப் போகும் பாதையின்மேல் அலை புரண்டுகொண்டிருந்தது. அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கப் பார்த்தார். காவலர் விசிலடித்துத் தடுத்தார். புதன் காலை எங்களுக்கு ரயில். நாளைக்குள் இரண்டையும் பார்க்க வழியுண்டா? அம்மாவுக்கு முழங்கால் வலி.

மாட்டுங்காவாசி:
தாராளமாக முடியும். நேற்று அமாவாசை என்பதைக் கவனியுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் மும்பையில் கடல் மிக அதிகமாக ஏறுவது நண்பகலை ஒட்டித்தான். ஏறக்குறைய ஆறு மணி நேரம் கழித்து நன்றாக வற்றிவிடும். ஏற்றம் ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், நாளை மாலை ஐந்து மணிக்கு மேல் தர்காப் பாதை நடப்பதற்கு ஏற்றதாக இருக்கும். ஆகவே காலையில் முதல் படகைப் பிடித்து எலிஃபெண்டாவை முடித்துக்கொண்டு, மாலையில் ஹாஜி அலிக்குப் போங்கள். கடல் ஏறி வற்றும் நேரத்தை அன்றைய நாளிதழிலோ இணையத்திலோ ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

ரயில் விஷயத்துக்கு வருகிறேன். நடைமேடைப் பலகையில் வண்டி சேருமிடத்தோடு எஃப் அல்லது எஸ் என்ற எழுத்து தெரியும். எஃப் என்றால் விரைவு வண்டி. அது மகாலட்சுமியில் நிற்காது. எஸ் என்று போட்ட வண்டியில்தான் ஏற வேண்டும்.

அலைவாய்க்கரை:
மேலே சொன்ன திட்டம் சரிதான். ஆனால் முழங்கால் வலியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. படகில் ஒரு மணி நேரம் போனபின், தீவில் நீண்ட துறைப்பாதையும் அதற்கப்பால் ஏறத்தாழ 120 படிகளும் உள்ளன. துறைப்பாதைக்குச் சிறிய ரயில் உண்டு. படிகளுக்கு நாற்காலியில் தூக்கிச் செல்வோர் இருக்கிறார்கள். கூலியைப் போகவர இரண்டுக்கும் சேர்த்து முன்னதாகவே பேசி முடித்துவிடுங்கள். நேரம் குறைவு என்றால் முதல் குகையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏறக்குறைய 20 அடி உயரமுள்ள மும்முகச் சிவன் அங்கேதான் இருக்கிறார். அவரை இருட்டுக்குக் கண் பழகும்வரை நின்று பார்க்க வேண்டும். படம் எடுத்த கையோடு திரும்புகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். தின்பண்டம் எதையும் கையில் வைத்திருக்காதீர்கள், குரங்குகள் பறித்துக்கொள்ளும்.

கரிசல்பயணி:
இருவருக்கும் மிக்க நன்றி. இடையில் சித்தி விநாயகரையும் தரிசித்துவிடலாமா என்று அம்மா கேட்கிறார்.

மாட்டுங்காவாசி:
நாளை செவ்வாய், அங்கே வரிசை மணிக்கணக்கில் நீளும். புதனன்று ரயில் தாமதமாகத்தான் புறப்படுகிறது என்றால், விடியற்காலையில் டாக்சி வைத்துப் போய் வாருங்கள். தென்மும்பையில் ஆட்டோ ஓடாது.