குளத்தின் பெயரில் வழக்குத் தொடுக்க முடியுமா?

தேரூர்க்காரன்:
எங்கள் ஊர்க் குளத்தின் வடகரையில் தை மாதம் முதல் இரவு நேரங்களில் லாரி லாரியாகச் செம்மண் கொட்டுகிறார்கள். குளம் நிரம்பினால் மிகுநீர் வெளியேறும் மறுகால் ஓடை இப்போது இரண்டு முழ அகலம்தான் தெரிகிறது. இயற்கைக்கு உயிருள்ள நபருக்குரிய உரிமைகள் உண்டென்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022 ஏப்ரலில் அறிவித்ததாகப் படித்தேன். அப்படியானால் குளத்தையே மனுதாரராக்க இயலுமா?

நாகர்கோவில் வழக்கறிஞர்:
சுசீந்திரம் கோயில் சாமி தம் பெயரிலேயே சொத்து வைத்திருப்பதும், அவருக்காக வேறொருவர் நீதிமன்றம் ஏறுவதும் நமக்குப் புதிதல்ல. 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்டப்படியான நபர்களாக அறிவித்தபோது இந்த ஒப்புமையையே எடுத்துக்கொண்டது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. வெள்ளம் வந்து உயிர் போனால் ஆற்றின் மீதே இழப்பீட்டு வழக்கு வருமா என்பதும் அப்போது எழுந்த கேள்விகளில் ஒன்று. நீங்கள் சொல்லும் மதுரைத் தீர்ப்போ, மேகமலையில் அரசு வன நிலத்துக்குப் பட்டா வழங்கிய அலுவலர் தம் மீதான தண்டனையை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் ஒற்றை நீதிபதி சொன்னது. அதை மட்டும் ஊன்றுகோலாக நம்பி நடக்க வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் பெயரிலேயே சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும், சென்னையிலுள்ள தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகுங்கள். ஆனால், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போக வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும், அதற்கு மேல் இல்லை.

பழையாற்றுப் பாசனக்காரன்:
வக்கீல் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசியல் சாசனத்தின் 14, 21 ஆகிய பிரிவுகளில் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. 2021 நவம்பர் மழையில் நம் குமரி மாவட்டம் பட்ட பாடு தெரிந்தவர்கள், மறுகாலை அடைப்பவன் யார் வீட்டுக்குள் தண்ணீரைத் திருப்புகிறான் என்பதையும் மனுவில் எழுத வேண்டும். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் (ஊர் நிலங்களின் வகை, பரப்பு விவரம்) புல வரைபடத்தையும் (நிலத்தின் அளவு காட்டும் படம்) வாங்கிக் குளத்தின் எல்லையை உறுதி செய்யுங்கள். எல்லைக்கல்லும் மண்ணும் ஒரே படத்தில் விழும்படி புகைப்படம் எடுங்கள்.

தேரூர்க்காரன்:
நன்றி, அண்ணாச்சி. எல்லைக்கல் ஒன்று ஏற்கெனவே மண்ணுக்குள் போய்விட்டது. முதல் லோடு விழுந்தது தைப்பொங்கலுக்கு மறுநாள் என்பதைக் கரையோர டீக்கடைக்காரர் எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார். அந்த நாளை வைத்தே கணக்கிடுகிறேன்.