மறு: வட்டத் துளை போடும் கருவிக்குத் தமிழ்ச் சொல்

அனைவருக்கும் வணக்கம்.

தகட்டில் வட்டத் துளை போடும் கருவிக்குத் தமிழில் என்ன சொல் என்ற நம் பேச்சு 'துளை ரம்பம்' என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலிருக்கிறது. எல்லாரும் சரி என்ற பிறகு குறுக்கே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் சிக்கல் இதுதான்: ஹோல் சா, ஸ்டெப் டிரில், நாக்அவுட் பஞ்ச் என்ற மூன்று கருவிகளுக்கு ஒரே பெயரைக் கட்டப் பார்க்கிறோம்.

நான் தருமபுரியில் கணினி பழுது பார்க்கிறவன். சித்திரை வந்தால் போதும், கேபினெட்டின் மேல்தட்டில் இன்னொரு 120 மி.மீ. விசிறி வைத்துத் தரச் சொல்லி வருவார்கள். அதற்கு 114 மி.மீ. ஹோல் சா. கிண்ணத்தின் விளிம்பில் பல் வைத்த மாதிரி இருக்கும், நடுவில் ஒரு டிரில். முதல் தடவை அதைச் சாதாரணக் கை டிரில்லில் மாட்டி முழு வேகத்தில் விட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. பல் நீலம் பாரித்து மழுங்கிப்போனது, தகடும் மடங்கியது. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். சுற்றளவு 358 மி.மீ.; நிமிடத்துக்கு 2800 சுற்று என்றால் பல் ஒரே நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடுகிறது. இரும்புத் தகட்டுக்கு 30 மீட்டர் போதும், அதாவது எண்பது சொச்சம் சுற்று. இப்போது வேகம் குறைத்து, அடியில் பலகை கொடுத்து, எண்ணெய் விட்டு அறுக்கிறேன். மதர்போர்டைக் கழற்றி வைக்காமல் தொடுவதே இல்லை. ஒரு இரும்புத் துருவல் உள்ளே விழுந்தாலும் ஷார்ட் ஆகிவிடும்.

இது அறுக்கிறது, ஆகவே ரம்பம்தான். ஆனால் 'துளை' என்ற அடைமொழி எதையும் பிரித்துக் காட்டவில்லை, மற்ற இரண்டும் துளைதானே போடுகின்றன? 'வட்டரம்பம்' மரம் அறுக்கும் சக்கரத்துக்குப் போய்விட்டது. பார்த்ததும் தெரிகிற 'கிண்ண ரம்பம்' இருக்கட்டும் என்பேன்.

படிப்படியாகக் கூம்பி வரும் ஸ்டெப் டிரில்லுக்குப் 'படித் துரப்பணம்' போதும். தச்சர்கள் வைத்திருந்த சொல், அகராதியிலும் இருக்கிறது. விவாதம் வேண்டாம்.

மூன்றாவதான நாக்அவுட் பஞ்ச்தான் என்னை எழுத வைத்தது. ஓசூரில் பேனல் போர்டு செய்யும் பட்டறை ஒன்றில் பார்த்தேன். 22 மி.மீ. சுவிட்சுக்குத் துளை வேண்டும். முதலில் திருகு நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை. தகட்டுக்கு ஒரு பக்கம் பஞ்ச் (வெட்டும் விளிம்புள்ள துண்டு), மறுபக்கம் டை (அது இறங்கும் குழிவான துண்டு), இரண்டையும் கோத்து நடுவே திருகு. ஸ்பேனரால் முறுக்க முறுக்கப் பஞ்ச் தகட்டைக் கடித்துக்கொண்டு டைக்குள் இறங்குகிறது. பஞ்சின் விளிம்பு சமமாக இல்லாமல் இரண்டு இடத்தில் மேடாக இருப்பதால் வெட்டு அங்கே தொடங்கிச் சுற்றி வருகிறது, கை வலிப்பதில்லை. சத்தம் இல்லை, துருவல் இல்லை, பிசிறும் இல்லாத மாதிரிதான். லேசாக வளைந்த ஒரு வட்டத் துண்டு மட்டும் டக்கென்று விழுகிறது. (விசிறி அளவுக்குப் போனால் கை முறுக்கு போதாது, ஹைட்ராலிக் வேண்டும். அது வேறு செலவு.)

இதில் குடைவதும் இல்லை, அறுப்பதும் இல்லை. பாக்குவெட்டி செய்கிற வேலையை வட்டமாகச் செய்கிறது. பாக்குவெட்டி, நகவெட்டி வரிசையில் இதை 'வில்லைவெட்டி' எனலாம் என்பது என் முன்மொழிவு. வெட்டி எடுப்பது வில்லை. அந்தத் துண்டுக்கும் பெயர் கிடைத்துவிடுகிறது.

கிருஷ்ணகிரி நண்பர் எழுதியது:

> தமர் என்று நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு? 'தமர்வெட்டி' என்று வையுங்கள்.

அண்ணா, சொல் எனக்கும் பிடித்ததுதான். எங்கள் பக்கம் கிணறு வெட்டும்போது பாறையில் தமர் (துளை) அடித்து வெடி வைப்பதைப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் தமர் என்றாலே ஆழம் மனதில் வருகிறது. ஒரு மி.மீ. தகட்டில் ஏது ஆழம்?

> வில்லை என்றால் லென்ஸ். மாத்திரையும் வில்லை. குழப்பம் வரும்.

வரலாம். ஆனால் லென்சை யாரும் தகட்டிலிருந்து வெட்டி எடுப்பதில்லை, 'வெட்டி' சேர்ந்ததும் பொருள் நின்றுவிடுகிறது. இன்னொருவர் தனிமடலில் 'காசுவெட்டி' என்றார். விழும் துண்டு காசு போலத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரை என் கடையில் சொன்னால் வாடிக்கையாளர் பில்லைப் பார்ப்பார்.

அந்தப் பட்டறைத் தம்பியிடம் சொல்லைச் சொல்லிவிட்டு வந்தேன். போன சனிக்கிழமை போனபோது உள்ளேயிருந்து ஒரு குரல்: "அந்த வில்லவெட்டிய எங்கடா வெச்ச?" ஐகாரம் அதற்குள் தேய்ந்திருந்தது.

டைக்குத்தான் இன்னும் சொல் அகப்படவில்லை. 'அச்சு' என்றால் வார்ப்பு வேலை நினைவுக்கு வருகிறது, இது எதையும் வார்ப்பதில்லை. பஞ்சைப் 'பல்' என்றும் டையை 'வாய்' என்றும் வைத்தால் எப்படி இருக்கும்?