பழைய பக்கங்களை அழித்தவர்கள், என்ன ஆச்சு என்று சொல்லுங்கள்

பம்புசெட் (கோவை):

கேட்டவன் நான், அதனால் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கே ஒரு சின்ன பம்பு கம்பெனியின் இணையதளத்தைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். 2009இல் தொடங்கியது, அறுநூறு பக்கத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. கண்காட்சியில் ஸ்டால் போட்ட செய்தி, ஆயுதபூஜை விடுமுறை அறிவிப்பு, டீலர் கூட்டத்துப் பந்திப் படம் என்று என்னென்னவோ. முதலாளியின் மகன் புதிதாகப் பொறுப்புக்கு வந்தார். “பழசு இருந்தா கூகுளுக்குப் பிடிக்காதாம்ணா, தூக்கிடுங்க” என்றார். எனக்கும் சரியென்றே பட்டது. ஒரே சாயங்காலத்தில் நானூறு பக்கம் காலி. ‘பக்கம் இல்லை’ என்ற 404 வந்தால் அசிங்கமாக இருக்குமே என்று அத்தனை முகவரிகளையும் முகப்புப் பக்கத்துக்கே 301 (நிரந்தரமாக இடம் மாறியது என்ற குறிப்பு) போட்டுத் திருப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து சர்வீஸ் பிரிவு அக்கா வந்து நின்றார். பொள்ளாச்சிப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் போனில் சத்தம் போடுகிறாராம்: “இம்பெல்லர் அளவு போட்டிருந்தீங்களே, இப்ப அமுக்கினா உங்க முதலாளி போட்டோ வருது!”

இம்பெல்லர் என்பது பம்புக்குள் சுழலும் சக்கரம். அந்த மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) மாடலை நாங்கள் நிறுத்திப் பத்து வருடம் ஆகிறது. அதனால்தான் அழித்தேன். ஆனால் தோட்டத்தில் பம்பு இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. பழுதானால் மெக்கானிக் கிணற்றடியில் நின்றபடி, மோட்டாரில் அடித்திருக்கும் மாடல் எண்ணைத்தான் போனில் தட்டுவார். எங்கள் புதிய பம்புகளின் பெயரை அப்படித் தேட யாருக்கும் காரணம் இல்லை. தேடலில் நம் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்தால், திருப்பிவிட்ட முகவரிகள் வரிசையாக ‘சாஃப்ட் 404’ என்று கிடந்தன. கேட்டது ஒன்று, கொடுத்தது சம்பந்தமே இல்லாத முகப்பு. கூகுள் அதை ‘பக்கம் இல்லை’ என்றே எடுத்துக்கொள்கிறது. நான் போட்ட 301 அத்தனையும் வீண்.

நல்லவேளை, பேக்கப் இருந்தது. பழைய மாடல் பக்கங்களை அதே முகவரியில் திரும்ப ஏற்றினேன். மேலே ‘இந்த மாடல் இப்போது தயாரிப்பில் இல்லை’ என்று ஒரு வரி, கீழே கிடைக்கும் உதிரிபாகங்கள், அதற்குப் பதிலாக எந்தப் புது மாடல் பொருந்தும் என்ற விவரம். வந்துகொண்டிருந்த கூட்டம் முழுதாகத் திரும்ப ஐந்து மாதம் பிடித்தது.

அதன் பிறகுதான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கு தரும். அதை முழுதாக இறக்கி, பக்கம் பக்கமாகப் பார்த்தேன். கடைசி மூன்று மாதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: எங்கள் போர்வெல் மோட்டார் பக்கத்துக்கு மழைக்காலத்தில் ஈ ஓட்டத்தான் ஆள் உண்டு. மார்ச் பிறந்தால் பாருங்கள்.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

*

பாமினிக்காரன் (யாழ்ப்பாணம், இப்போது டொரண்டோ):

எனது கதை வேறு மாதிரி. எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் தளம் 2001இல் பாமினி எழுத்துருவில் செய்தது. பாடசாலை வரலாறு, அதிபர்மார் பட்டியல், மரண அறிவித்தல்கள், எல்லாமே அதில்தான். கூட்டத்தில் இளம் பிள்ளைகள், “ஒருத்தரும் பார்க்காத பக்கங்கள், அழிச்சுப்போட்டு புதுசாச் செய்வம்” என்று நின்றார்கள்.

ஒருவரும் பார்க்காததற்குக் காரணம் இருந்தது. பாமினியில் திரையில் ‘அம்மா’ என்று தெரியும். கோப்புக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள். இன்று எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடில் தமிழைத் தட்டித் தேடுகிறவருக்கு அது எப்படி அகப்படும்? எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் திறந்தாலும் குப்பை போலத்தான் தெரியும்.

இரண்டு பனிக்காலம் இருந்து யூனிகோடுக்கு மாற்றினோம். மாற்றி மென்பொருள் தமிழைச் சரியாக மாற்றும். நடுவில் ஆங்கிலத்தில் எழுதிய வீதிப் பெயர், பட்டம், மின்னஞ்சல் முகவரி எல்லாவற்றையும்கூடத் தமிழென்று நினைத்து மாற்றிவிடும். ஒரு அதிபரின் பட்டம் வாசிக்கவே முடியாத ஏதோ சொல்லாகி, இரண்டு மாதம் அப்படியே கிடந்தது. அவரின் மகள்தான் கண்டுபிடித்தார். ஆகவே, மாற்றியதை ஆள் வைத்து வாசித்தே ஆகவேண்டும். முகவரிகளில் மட்டும் கை வைக்கவில்லை, பழைய இணைப்புகள் எல்லாம் அப்படியே வேலை செய்தன.

இப்போது ஆட்கள் கூடுதலாக வந்து சேர்வது மரண அறிவித்தல்களுக்குத்தான். பேரப்பிள்ளைகள் பெயரைப் போட்டுத் தேடி வருகிறார்கள்.

*

ஆடித்தள்ளுபடி (மதுரை):

சுருக்கமாக என் முட்டாள்தனம். ஜவுளிக்கடைத் தளம். 2016 ஆடித் தள்ளுபடிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கடைக்கே வந்து, அந்த விலைக்குப் புடவை கேட்டார். பயந்துபோய்ப் பழைய சலுகைப் பக்கங்களுக்கெல்லாம் ‘தேடலில் காட்டாதே’ என்று சொல்லும் நோஇன்டெக்ஸ் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கூடுதல் பாதுகாப்புக்கென்று, தேடுபொறி எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பிலும் தடுத்தேன். அங்கே தடுத்தால் கூகுள் பக்கத்துக்குள்ளேயே வராது, வராவிட்டால் உள்ளே ஒட்டியிருக்கும் நோஇன்டெக்ஸைப் படிக்காது. கதவைப் பூட்டிவிட்டு உள்சுவரில் நோட்டீஸ் ஒட்டிய கதை. மாதக்கணக்கில் தேடலில் தலைப்பு மட்டும் மொட்டையாகத் தொங்கியது.

அப்புறம் சர்ச் கன்சோலில் உள்ள நீக்கும் கருவியைப் பயன்படுத்தினேன். அது ஏறத்தாழ 6 மாதத்துக்கு மறைத்துத்தான் வைக்கும், அழிக்காது. அடுத்த வருடம் அத்தனையும் திரும்ப வந்து நின்றன! ரோபாட்ஸ் தடையை எடுத்த பிறகுதான் ஒவ்வொன்றாகப் போயின. இப்போது ஆடிக்கு ஒரே பக்கம், ஒரே முகவரி. வருடாவருடம் உள்ளடக்கம் மட்டும் மாறும்.

*

வரிக்கணக்கு (சேலம்):

பம்புசெட் அண்ணனிடம் அந்தத் தம்பி சொன்ன ‘பழசு பிடிக்காது’ என்பதை எங்கள் அலுவலகத்திலும் கேட்டிருக்கிறேன். 2023 ஆகஸ்டில் சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் ஆயிரக்கணக்கான பழைய கட்டுரைகளை நீக்கிய செய்தி வெளியானபோது, பழையது என்பதற்காக நீக்கவேண்டிய தேவை இல்லை என்று கூகுள் தரப்பே பொதுவில் சொன்னது. எங்கள் ஆடிட்டருக்கு அதைக் காட்டித்தான் வாயடைத்தேன்.

எங்கள் தொழிலில் ஆபத்து வயதில் இல்லை, தவறான தகவலில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலான பொருட்களுக்குப் போய்விட்டன. பழைய விகிதம் போட்ட பக்கத்தை நம்பி யாராவது பில் போட்டால் திட்டு எங்களுக்குத்தான். அவற்றை அன்றிரவே உட்கார்ந்து திருத்தினோம். ஆனால் ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலைக்கு முந்தைய சேவை வரிக் கட்டுரைகளைத் தொடவில்லை. அந்தக் கால வழக்குகள் இன்னும் நடக்கின்றன, ஆட்கள் தேடி வந்து படிக்கிறார்கள். மேலே எந்தக் காலத்துக்கு உரியது என்று ஒரு பெட்டி போட்டதோடு சரி.

ஜூனியர் பையன் ஒருவன் எல்லாக் கட்டுரைகளிலும் தேதியை மட்டும் மாற்றிப் புதிதாகக் காட்டினான். உள்ளே ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் வரி அப்படியே இருந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை, அவன் இதைப் படிப்பான்.

*

பம்புசெட் (கோவை):

எல்லோருக்கும் நன்றி. பாமினி விஷயம் எனக்குப் புதுசு.

ஒன்றை விட்டுவிட்டேன். மீட்காமல் விட்ட பக்கங்களும் ஏராளம். விடுமுறை அறிவிப்பு, பந்திப் படம், மாதவாரித் தொகுப்பு எதுவும் திரும்பவில்லை. அவற்றை எங்கும் திருப்பிவிடாமல் ‘நிரந்தரமாக நீக்கியாயிற்று’ என்ற 410 கொடுத்துவிட்டேன், ஒருவரும் கேட்கவில்லை.

நேற்று அதே பொள்ளாச்சிக்காரர் மறுபடி கூப்பிட்டார். 2006 மாடல் ஸ்டார்ட்டருக்கு வயரிங் படம் வேண்டுமாம். அது தளத்தில் எப்போதுமே இருந்ததில்லை. ஸ்டோர் ரூமில் பழைய ஃபைலைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.