காசிமேடு பக்கம் வீட்டுக்கே வந்து பார்க்கிற மனநல டாக்டர் யாராவது இருக்காங்களா?

வணக்கம். என் தம்பிக்கு ஆறு வருஷமா மனச்சிதைவு நோய். மாத்திரை ஒழுங்கா போட்டப்போ விடியக்காலையில துறைமுகத்துக்குப் போய் ஐஸ் உடைப்பான், கூலியை அப்படியே அம்மா கையில கொடுப்பான். மூணு மாசமா எதுவும் இல்ல. நேத்து தலகாணி உறையைக் கழட்டினா உள்ள பதினேழு மாத்திரை, எச்சில் பட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போய்க் கிடக்குது. அம்மா அதைக் கையில வச்சுக்கிட்டே உக்காந்துட்டாங்க.

வழக்கமா போற ஆஸ்பத்திரியில ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க. பார்க்காம மருந்து மாத்த முடியாதுங்கிறது நியாயம்தான். ஆனா அவன் வாசப்படியைத் தாண்ட மாட்டேங்கிறான். கை காலைக் கட்டி ஆட்டோவுல ஏத்த எனக்கு மனசு வரல. அப்படிச் செஞ்சா அப்புறம் என்னை நம்பவே மாட்டான்.

2017 மனநலச் சட்டம் 18-வது பிரிவுல, வீட்டிலேயே மறுவாழ்வு உதவி கிடைக்கிறதும் உரிமைனு இருக்கு. மாவட்ட மனநலத் திட்டத்துல இருந்து யாருக்காவது வீட்டுக்கு வந்து பார்த்திருக்காங்களா? யாரைக் கேட்கணும்? மாத்திரைக்குப் பதிலா மாசம் ஒரு தடவை போடுற ஊசி ராயபுரத்துல இருந்து திருவொற்றியூர் வரைக்கும் எங்க போடுறாங்க?

மந்திரிக்கிற இடம் மட்டும் சொல்லாதீங்க, முதல் வருஷம் முழுக்க அங்கதான் அலைஞ்சோம். இதே நிலைமையில இருக்கிறவங்க 14416-க்குப் போன் பண்ணுங்க. அரசோட மனநல உதவி எண் அது, டெலி மானஸ்னு பேரு, இலவசம், தமிழ்லயே பேசலாம்.

அனுபவம் உள்ளவங்க கீழ சொல்லுங்க, ப்ளீஸ்.