நம் பதிவு நமக்கே அகப்படாதபோது: பதிவர்களின் அனுபவங்கள்

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

எட்டு ஆண்டுகளாகக் கோயில்களைப் பற்றி வலைப்பூவில் எழுதி வருகிறேன். போன தை மாதம் பேத்தி பள்ளிக்கூட வேலை ஒன்றுக்காகத் தாராசுரம் கோயிலைக் கூகுளில் தேடினாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். சுற்றுலா நிறுவனங்கள் வந்தன, தங்கும் விடுதிகள் வந்தன, யார் யாரோ எடுத்த காணொளிகள் வந்தன. மூன்று நாள் அந்தக் கோயிலிலேயே கிடந்து நான் எழுதிய பதிவு மட்டும் வரவில்லை. "நீங்களும் எழுதியிருப்பதாகச் சொன்னீர்களே தாத்தா?" என்றாள்.

நான் வைத்திருந்த தலைப்பு "கல்லில் உறைந்த கனவு". கட்டுரைக்கு அழகான தலைப்பு வை என்று முப்பது ஆண்டுகள் பிள்ளைகளை விரட்டியவன், எனக்கு வேறெப்படித் தலைப்பு வைக்கத் தோன்றும்? அதைவிடக் கொடுமை, தாராசுரம் என்ற சொல்லே நான்காவது பத்தியில்தான் முதல்முறையாக வந்தது. முதல் மூன்று பத்திகளும் பஸ் பயணமும் மழையும். தேடுகிறவர் "கனவு" என்றா தட்டச்சு செய்வார்?

தலைப்பை "தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில்: இசைப் படிகளும் தேர் வடிவ மண்டபமும்" என்று மாற்றினேன். இரண்டாம் இராசராசன் கட்டியது, 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்ற விவரங்களை முதல் பத்திக்கு ஏற்றினேன். கனவை உள்தலைப்பாக இறக்கினேன். மழையை விட மனம் வரவில்லை, கடைசியில் இருக்கிறது.

அடுத்தது பதிவின் இணைய முகவரி. கூகுளின் இலவச வலைப்பூத் தளமான பிளாகரில்தான் எழுதுகிறேன். அதில் தமிழில் மட்டும் தலைப்பு வைத்தால், முகவரியில் தமிழ் எழுத்துகளை அது ஏற்பதில்லை. "பிளாக்-போஸ்ட்" என்ற பொதுப் பெயரும் ஓர் எண்ணும்தான் மிஞ்சும். இதை அறிந்த ஆவேசத்தில் ஒரே இரவில் நாற்பது பழைய பதிவுகளை வரைவுக்குத் திருப்பி, புது முகவரி கொடுத்து வெளியிட்டேன். மறுநாள் காலை உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே புகார், எந்த இணைப்பைத் தொட்டாலும் பக்கம் இல்லை என்று வருகிறதாம். பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது. அதில் நாற்பதையும் ஒவ்வொன்றாக உள்ளிட ஒரு வாரம் ஆயிற்று. பழையவற்றைத் தொடாதீர்கள். புதுப் பதிவுக்கு மட்டும், வெளியிடும் முன்பே, ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் முகவரியாகக் கொடுத்துவிடுங்கள்.

விருதுநகர், சமையல் குறிப்பு எழுதுபவர்

ஐயா, உங்கள் கனவைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள். என் பதிவுகளின் தலைப்பு "அம்மாவின் கைமணம் 1" தொடங்கி "அம்மாவின் கைமணம் 63" வரை. எதில் என்ன பலகாரம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. கொழுக்கட்டை எங்கே என்று தங்கை கேட்டால் நானும் ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

தங்கை மகன்தான் கூகுள் சர்ச் கன்சோலில் என் வலைப்பூவைச் சேர்த்துக் கொடுத்தான். காசு கிடையாது. எந்தச் சொல்லைத் தேடியபோது நம் பக்கம் பட்டியலில் தெரிந்தது, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று பதினாறு மாதக் கணக்கு கிடைக்கும். அதைப் பார்த்துத்தான் வாயடைத்துப் போனேன். நான் "உளுந்தங்களி" என்று எழுதியிருந்தேன். வந்தவர்கள் பாதிப் பேர் "உளுத்தங்களி" என்று தேடியிருந்தார்கள். இன்னும் சிலர் "வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்து களி எத்தனை நாள் கொடுக்க வேண்டும்" என்று முழு வாக்கியமாகவே கேட்டிருந்தார்கள். மகள் பெரியவளான அன்று, பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லாமல் கையில் செல்பேசியோடு நிற்கும் ஓர் அம்மாவைக் கண்ணுக்கு முன் பார்த்தது போலிருந்தது. அவளுக்கு நான் என்ன வைத்திருந்தேன்? என் ஆச்சி கருப்பட்டி வாங்க உடன்குடிக்குப் போன கதை பதினோரு பத்தி. அளவு அதற்கும் கீழே.

இப்போது அளவும் செய்முறையும் மேலே, ஆச்சி கீழே. இரண்டு எழுத்து வழக்கையும் பதிவுக்குள் இயல்பாக ஓரிடத்தில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டு வழக்கத்தைத் தனிப் பதிவாக எழுதி, களிப் பதிவிலிருந்து அதற்கு இணைப்பும் கொடுத்தேன். இன்று அதிகம் பேர் படிப்பது அதைத்தான்.

படங்களைப் பற்றி ஒரு சொல். செல்பேசியில் எடுத்ததை அப்படியே ஏற்றுவேன், ஒவ்வொன்றும் நாலு, ஐந்து எம்பி. ஒரு பதிவுக்குப் பத்துப் படம். சாத்தூர் போகிற பஸ்ஸில் என் நாத்தனார் திறந்து பார்த்திருக்கிறார், ஊர் வந்து சேர்ந்த பிறகும் களி வரவில்லையாம். இப்போது சுருக்கி, 200 கேபிக்குள் ஏற்றுகிறேன். படத்துக்கான மாற்று உரையில் "கருப்பட்டிப் பாகில் உளுந்து மாவு கிளறுதல்" என்று எழுதுகிறேன். இது கண் தெரியாதவர்களுக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டும் வரி என்று பிறகுதான் தெரிந்தது. அதுவரை கூகுளுக்காக மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன்.

கோயம்புத்தூர், மென்பொருள் ஊழியர்

என் கதை சின்னது, அவமானம் பெரியது. வலைத்தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் என் தளத்தை அமைக்கும்போது, முடியும்வரை யாரும் பார்க்க வேண்டாம் என்று "தேடுபொறிகள் வர வேண்டாம்" என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டேன். எடுக்க மறந்துவிட்டேன். எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் "கூகுளுக்குத் தமிழ் என்றால் இளக்காரம்" என்று நண்பர்களிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

இடையில் முதல் பக்கத்தில் கொண்டுவந்து காட்டுவதாகச் சொன்ன ஒருவரிடம் ஆறாயிரம் ரூபாய் கொடுத்தேன். அவர் செய்தது, வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தின் நிரலுக்குள் இருக்கும் குறிச்சொல் பட்டியலில் அறுபது சொற்களைத் திணித்ததும், சூதாட்டத் தளங்களிலிருந்து எனக்கு இணைப்பு வாங்கியதும்தான். அந்தக் குறிச்சொல் பட்டியலைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது. காசு கொடுத்து வாங்கும் இணைப்பு அதன் விதிகளுக்கே எதிரானது. அந்தக் கட்டத்தை அவரும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத வயிற்றெரிச்சல்.

ஆசிரியர் ஐயா முகவரியைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை முகவரியாக ஏற்கும். ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது எழுத்துகளாக விரியும். 200 எழுத்தோடு வெட்டிவிடும். புள்ளி, கொம்பு எல்லாம் தனிக் கணக்கு என்பதால், சுமார் 22 குறியீடுகளில் தலைப்பு பாதியில் அறுந்து நிற்கும். அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று பயப்படுவார்.

டொராண்டோ, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்

அப்பா 2002 அளவில் தன் ஊர் நினைவுகளைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து ஓர் இணையத்தளத்தில் போட்டு வைத்திருந்தார். அவர் போன பிறகு திறந்து பார்த்தேன். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒரு குப்பை. பாமினியில் "தமிழ்" என்று தெரிவது உண்மையில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கு அது எப்போதுமே தமிழாக இருந்ததில்லை. இருபது வருஷமாக அந்த எழுத்து இணையத்திலேயே இருந்தும் யாருக்கும் அகப்படவில்லை.

எழுத்துரு மாற்றியில் போட்டு, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) கொண்டுவந்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. அப்பா "பௌர்ணமி" பற்றி எழுதிய அத்தியாயத்தை என் வலைப்பூவின் தேடல் பெட்டியில் தேடினால் வரவில்லை. கண்ணுக்கு எதிரே இருக்கிற சொல் வரவில்லை! கடைசியில் பார்த்தால் அது "பெளர்ணமி". ஔகாரக் குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்பும் "ள" என்ற எழுத்தும். எங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு சொல். மௌனம், கௌரி, சௌகரியம் எல்லாம் அப்படித்தான் கிடந்தன. நேரடியாகத் தட்டச்சு செய்கிறவர்களிலும் பலர் இந்தப் பிழையை விடுவதைப் பிறகு பல வலைப்பூக்களில் கண்டேன். உங்களுடையதிலும் ஒருமுறை "மெளனம்" என்று தேடிப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். சிலர் கவிதையையும் பழைய பத்திரிகைப் பக்கத்தையும் படமாகவே போட்டுவிடுகிறார்கள். பார்க்க வடிவாகத்தான் இருக்கும். கீழே நாலு வரியையாவது எழுத்தாகத் தட்டச்சு செய்துவிடுங்கள். அப்பாவின் எழுத்துக்கு நேர்ந்ததேதான் அந்தப் படங்களுக்கும் நேரும்.

சென்னை, பழைய பதிவர்

எல்லோரும் கூகுளையே சுற்றி வருகிறீர்கள். நாங்கள் எழுதத் தொடங்கிய காலத்தில் பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஓரிடத்தில் பட்டியலிட்ட தமிழ்மணம் போன்ற திரட்டிகள்தான் வாசல். காலையில் பதிவிட்டால் மதியத்துக்குள் பின்னூட்டச் சண்டை தொடங்கிவிடும். "கல்லில் உறைந்த கனவு" என்றே தலைப்பு வைக்கலாம், திறந்து பார்க்க ஆள் இருந்தது. விருப்பமான தளங்களின் புதுப் பதிவுகளை ஓரிடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரும் 2013 ஜூலையில் மூடிய பிறகு என்னிடம் மிஞ்சியவர்கள், மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்த வாசகர்கள் மட்டுமே. அந்தப் பட்டியலை நான் எந்தத் தேடுபொறிக்கும் மாற்ற மாட்டேன்.

ஆசிரியர் ஐயாவின் புதுத் தலைப்பு அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்குப் பொருந்தும். கதைக்கு அப்படி வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

நான் செய்த முட்டாள்தனம் வேறு. என் கட்டுரை ஒன்று பெயரில்லாமல் வாட்ஸ்அப்பில் சுற்றியது. கோபத்தில் வலைப்பூவில் யாரும் நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டேன். திருடர்கள் நிற்கவில்லை. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து அகராதியில் பார்க்க நினைத்த வாசகர்தான் மாட்டிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து ஒரு கல்லூரிப் பேராசிரியை, மேற்கோள் காட்ட நினைத்தும் முடியாமல் வேறொருவர் கட்டுரையை எடுத்துக்கொண்டதாக எழுதினார். அன்றே பூட்டைக் கழற்றினேன்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அறிவிப்புப் பலகை என்றதை ஒப்புக்கொள்கிறேன். வழி கேட்டு வருகிறவருக்குப் பலகைதானே வேண்டும் என்று வாதாட ஆசை, இருந்தாலும் விட்டுவிடுகிறேன்.

"மெளனம்" என்று தேடிப் பார்த்தேன். பதினேழு இடம். தமிழாசிரியர் வீட்டில்!

போன வாரம் தாராசுரம் பதிவுக்கு ஒரு பின்னூட்டம் வந்தது. "தாராசுரம் இசைப் படிகள்" என்று தேடி வந்தவராம், பேரனைக் கூட்டிக்கொண்டு போகிறாராம். படிகளைச் சுற்றிக் கம்பி வலை போட்டிருக்கிறார்கள், தட்டி இசை கேட்க முடியாது, இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தார். நியாயம்தான். முதல் பத்தியிலேயே சேர்த்துவிட்டேன். இன்னும் எழுபத்திரண்டு பதிவுகளுக்குத் தலைப்பு மாற்ற வேண்டும். எட்டுக்குத் தலைப்பே இல்லை.