மறு: ‘ஆக்‌ஷனபிள் இன்டெலிஜென்ஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008 டிசம்பர் 11 அன்று உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மக்களவையில் பேசியதையும், அடுத்த வாரம் தேசியப் புலனாய்வு முகமைச் சட்ட முன்வடிவு மீது நடந்த விவாதத்தையும் தமிழாக்கி வருவதாக இந்த இழையைத் தொடங்கிய ஐயா எழுதியிருந்தார். அந்த நாட்களில் எல்லார் வாயிலும் இருந்த ‘ஆக்‌ஷனபிள் இன்டெலிஜென்ஸ்’ என்ற தொடருக்குத்தான் சொல் கேட்டிருக்கிறார். கிடைத்ததும் நடவடிக்கை எடுக்கத் தக்க அளவுக்குக் குறிப்பான உளவுச் செய்தி என்று அதற்குப் பொருள். இதுவரை வந்தவை மூன்று: செயல்படத்தக்க நுண்ணறிவு, வினைத்தகவல், உளவுக்குறிப்பு. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு என் பரிந்துரையை வைக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘நுண்ணறிவு’. தமிழ்நாடு காவல்துறையில் நுண்ணறிவுப் பிரிவு என்றே ஒன்று இருக்கிறது, அரசாணைகளிலும் அந்தச் சொல் புழங்குகிறது என்று அம்மா ஒருவர் சுட்டிக்காட்டியிருந்தார். உண்மைதான். ஆனால் நுண்ணறிவு என்பது மனத்தின் கூர்மை. ஒருவருக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். யாரிடமிருந்தும் திரட்டிக்கொண்டு வரமுடியாது. உளவுத் துறையில் பேசப்படுவதோ ஆட்கள் வைத்துத் திரட்டி, சரிபார்த்து, கைமாற்றித் தரப்படும் செய்தி. இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. ‘செயல்படத்தக்க நுண்ணறிவு’ என்று எழுதினால் படிக்கிறவர் ஏதோ மென்பொருள் என்றே எடுத்துக்கொள்வார்.

இதைவிடப் பெரிய சிக்கல் ‘புலனாய்வு’. இதை விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம் சொல் எதன் பக்கத்தில் உட்காரப் போகிறது என்பது தெரியாமல் சொல்லை ஆக்க முடியாது. இந்தியாவில் புலனாய்வு என்றால் இன்வெஸ்டிகேஷன். குற்றம் பதிவாகிறது, அதிகாரி நியமிக்கப்படுகிறார், சாட்சிகளை விசாரிக்கிறார், கைது செய்கிறார், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்கிறார். தேசியப் புலனாய்வு முகமை அந்த வேலைக்கென்று சட்டத்தால் உண்டானது. இலங்கையிலோ ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வழக்கு விசாரிக்கிறது. அரச புலனாய்வுச் சேவை உளவு பார்க்கிறது. யாழ்ப்பாணத்தில் ‘புலனாய்வாளர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்’ என்று ஒருவர் சொன்னால், வந்தவர் எந்த அதிகாரத்தில் வந்தார் என்பது அந்தச் சொல்லிலிருந்து தெரியாது. அந்த வீட்டுக்காரருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இந்தியாவிலும் நாம் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. தமிழ்நாட்டின் எஸ்.பி.சி.ஐ.டி. பெயரைப் பிரித்துப் பார்த்தால் குற்றப் புலனாய்வுத் துறையின் தனிப்பிரிவு. செய்கிற வேலையோ உளவு. வெள்ளையர் காலத்தில், 1902-03 போலீஸ் ஆணையத்தின் பரிந்துரையால் மாகாணந்தோறும் குற்றப் புலனாய்வுத் துறைகள் வந்தபோது இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார்கள். அந்தக் குழப்பம் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உளவையும் புலனாய்வையும் ஏன் இவ்வளவு பிடிவாதமாகப் பிரிக்கச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். ஐயா தமிழாக்கும் அதே விவாதங்களின் தொடர்ச்சியைப் பாருங்கள். 2012 பிப்ரவரி 3 அன்று மத்திய அரசு தேசியப் பயங்கரவாதத் தடுப்பு மையம் அமைக்க ஆணையிட்டது. மார்ச் 1 முதல் அது இயங்கும் என்றார்கள். ஜெயலலிதா, மம்தா பானர்ஜி, நவீன் பட்நாயக், நரேந்திர மோடி என்று அரசியலில் ஒத்துப்போகாத முதலமைச்சர்கள் எல்லாம் இதில் மட்டும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். மையம் மத்திய அரசின் உளவுத்துறையான ஐ.பி.யின் (இன்டெலிஜென்ஸ் பீரோ) கீழ் இருக்கும். ஆனால் அதன் அதிகாரிகளுக்குச் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 43அ பிரிவின்படி சோதனையிடவும் கைது செய்யவும் அதிகாரம் இருக்கும். ஐ.பி. என்ற அமைப்புக்கு நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டமே கிடையாது. யாருடைய கண்காணிப்பில் இயங்குகிறது என்று ஒரு குடிமகன் கேட்டால் காட்டச் சட்டப்புத்தகத்தில் பக்கம் இல்லை. அப்படிப்பட்ட அமைப்பின் கையில் கைது அதிகாரமா என்பது ஒரு கேள்வி. அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் காவலும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் இருக்கும்போது மாநிலத்தைக் கேட்காமல் எப்படி நுழையலாம் என்பது இன்னொரு கேள்வி. மே 5 அன்று முதலமைச்சர்கள் மாநாட்டிலும் உடன்பாடு வரவில்லை. மையம் வராமலே போயிற்று.

இந்தச் சண்டை முழுக்க உளவுக்கும் புலனாய்வுக்கும் நடுவே உள்ள கோட்டைப் பற்றியது. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டு மொழிபெயர்த்தால், முதலமைச்சர்கள் எதற்காகக் கொதித்தார்கள் என்பதே தமிழ் வாசகருக்கு விளங்காது. ஆகவே என் நிலை: இன்டெலிஜென்ஸுக்கு எல்லா இடத்திலும் ‘உளவு’, இன்வெஸ்டிகேஷனுக்கு ‘புலனாய்வு’. உளவு என்றால் ஒட்டுக்கேட்கிற இழிவான வேலை போலத் தொனிக்கிறது என்ற கவலையை நான் ஏற்கவில்லை. அரசு செய்கிற வேலைக்கு உள்ள பெயரைத்தான் சொல்கிறோம்.

சரி, இனி ‘ஆக்‌ஷனபிள்’.

கடலோரக் காவல் நிலையம் ஒன்றுக்கு இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘கடல்வழியாகப் பயங்கரவாதிகள் ஊடுருவக்கூடும். விழிப்புடன் இருக்கவும்.’ ஆய்வாளர் என்ன செய்வார்? திருவிழா பந்தோபஸ்து இருக்கிறது, மந்திரி வருகை இருக்கிறது, ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை. இரண்டு நாள் கூடுதலாக ரோந்து போகச் சொல்லுவார். மூன்றாம் நாள் அந்தத் தாள் கோப்புக்குள் போய்விடும். அவரைக் குறைசொல்ல முடியாது. அதே செய்தி, எந்தக் கரை, எந்த மாதிரிப் படகு, எத்தனை பேர், எந்த நாட்கள் என்று வந்தால் அவர் செய்ய வேண்டியது என்னவென்று அவருக்கே தெரியும். செய்யாவிட்டால் ஏன் செய்யவில்லை என்று மற்றவர்களும் கேட்கலாம். இரண்டாவது வகைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

2008 நவம்பர் 26 அன்று பத்துப் பேர் மும்பையில் படகில் வந்து இறங்கினார்கள். 166 உயிர்கள் போயின. முன்கூட்டியே எச்சரிக்கைகள் வந்திருந்தன என்று ஒரு தரப்பும், வந்தவை பொத்தாம்பொதுவானவை என்று மறு தரப்பும் சொன்னார்கள். ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் மத்தியும் மாநிலமும் இதே வழக்கைத்தான் வாதாடுகின்றன. கிர்காவ் சவுபாட்டியில் துணை உதவி ஆய்வாளர் தூக்காராம் ஓம்ப்ளே அந்தப் பத்துப் பேரில் ஒருவனான, துப்பாக்கி ஏந்திய கசாபை வெறுங்கையோடு பாய்ந்து பிடித்தார், குண்டுகளை உடலில் வாங்கிக்கொண்டு இறந்தார். அவரைப் போன்றவர்களின் கைக்கு மேலிடத்திலிருந்து என்ன செய்தி வந்தது, எந்த வடிவில் வந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்பதற்குத் தமிழில் சொல் வேண்டும்.

இலங்கையை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு (ஈஸ்டர்) தாக்குதல்களுக்கு முன், ஏப்ரல் 4 அன்றே வெளிநாட்டு உளவு அமைப்பிடமிருந்து செய்தி வந்துவிட்டது. தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிமின் பெயர் அதில் இருந்தது. தேவாலயங்களும் இந்திய உயர் ஸ்தானிகராலயமும் (தூதரகம்) இலக்காகலாம் என்று இருந்தது. அதைப் பொத்தாம்பொது எச்சரிக்கை என்று யாரும் சொல்ல முடியாது. 2023 ஜனவரியில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் (நம் வழக்கில் உச்ச நீதிமன்றம்) முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொலிஸ் மா அதிபராக (காவல்துறைத் தலைவராக) இருந்தவர் உள்ளிட்ட அதிகாரிகளுக்கும் தனித்தனியே தொகை விதித்தது. தகவல் கையில் இருந்தும் தடுக்கத் தவறியதுதான் குற்றச்சாட்டின் மையம். ஆக, இந்தச் சொல் வெறும் காவல்துறைக் குழூஉக்குறி இல்லை. பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும் சொல்.

இதை வைத்துப் பார்த்தால் ‘வினைத்தகவல்’ சரியாக வராது. ‘வினை’ என்றதும் இலக்கணமும் ஊழ்வினையும் முந்திக்கொண்டு வருகின்றன. ‘உளவுக்குறிப்பு’ நல்ல சொல்தான். ஆனால் அது பொதுவான எச்சரிக்கைக்கும் பொருந்தும், குறிப்பானதற்கும் பொருந்தும். நாம் காட்ட விரும்பும் வேறுபாடு அதில் இல்லை. ‘ரகசியத் தகவல்’ என்று பத்திரிகைகளில் பழகிய தொடர் ஒன்று உண்டு. ‘கிடைத்த ரகசியத் தகவலின் பேரில் போலீசார் விரைந்து சென்று’ என்று நாள்தோறும் படிக்கிறோம். அது தகவல் எப்படி வந்தது என்பதைச் சொல்கிறது. எவ்வளவு பயன்படும் என்பதைச் சொல்லவில்லை.

என் பரிந்துரை ‘முன்துப்பு’.

துப்பு என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. துப்பு கிடைத்தது, துப்பு துலங்கியது, துப்புக் கொடுத்தால் சன்மானம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். பிடித்துக்கொண்டு மேலே போகலாம் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வெறும் தகவலைத் துப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதோடு துப்புக்கு வலிமை, திறன் என்ற பழைய பொருளும் உண்டு. ‘துப்பில்லாதவன்’ என்று திட்டும்போது இன்றும் அதுதான் பேசுகிறது.

ஒரு தடை எழும் என்பது தெரியும். துப்பு குற்றம் நடந்த பிறகு தேடுவதாயிற்றே, துப்பறிவாளர் பிணத்துக்கு அப்புறம்தானே வருகிறார்? அதனால்தான் ‘முன்’. முன்ஜாமீன், முன்பணம், முன்னெச்சரிக்கை எல்லாம் எப்படி உடனே விளங்குகின்றனவோ அப்படியே இதுவும் விளங்கும். நடப்பதற்கு முன் கையில் கிடைத்த துப்பு. முன்னெச்சரிக்கையையும் இதையும் அடுத்தடுத்து வைத்தால் வேறுபாடு தானாகவே தெரிகிறது: முன்னெச்சரிக்கை ‘கவனமாக இரு’ என்கிறது, முன்துப்பு ‘இங்கே போ, இவனைப் பார்’ என்கிறது.

புணர்ச்சி பற்றிக் கேட்பவர்களுக்கு: பொன்+தகடு பொற்றகடு ஆவது போல ‘முற்றுப்பு’ என்று ஆக்க வேண்டியதில்லை. முன்தொகை, முன்தேதி என்று பிரித்தே எழுதிப் பழகிவிட்டோம். அதே வழக்கில் இதுவும் நிற்கட்டும்.

‘ஒற்று’ என்ற சங்ககாலச் சொல்லை மீட்கலாமே என்று ஓர் ஐயா எழுதியிருந்தார். அந்த ஆசை எனக்கும் உண்டு. குறளின் ஒற்றாடல் அதிகாரத்தில், ஓர் ஒற்றர் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றரால் சரிபார்க்க வேண்டும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும் என்று இருக்கிறது. பல அமைப்புகளின் தகவல்களை ஓரிடத்தில் ஒப்புநோக்க, கார்கில் போருக்குப் பின் 2001இல் உருவான பல்முகமை மையம் செய்ய வேண்டிய வேலையும் அதுதான். ஆனால் இன்று ஒற்று என்றால் பள்ளிப் பிள்ளைக்கு ‘ஒற்று மிகுமா, மிகாதா’ என்பதுதான் ஞாபகம் வரும். மக்களவை உரையில் அதை நுழைத்தால் வாசகர் அங்கேயே நின்றுவிடுவார். தனியே ‘ஒற்றாய்வு’ என்று உளவுப் பகுப்பாய்வுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. அதை வேறு இழையில் பேசுவோம்.

ஐயாவின் மொழிபெயர்ப்பில் பொருந்துகிறதா என்று பார்க்கச் சில வாக்கியங்கள், என் சொந்த வாக்கியங்கள்தான்:

‘உளவு அமைப்புகள் திரட்டியவை முன்துப்பாக மாநிலக் காவல்துறைக்குப் போய்ச் சேர வேண்டும்.’

‘தாக்குதலுக்கு முன் மாநில அரசுக்குக் கிடைத்தது முன்துப்பா, பொது எச்சரிக்கையா என்று உறுப்பினர் கேட்டார்.’

‘முன்துப்பின் பேரில் சோதனை நடந்தது. ஆனால் முன்துப்பு சான்று ஆகாது. நீதிமன்றத்தில் நிற்பது புலனாய்வில் கிடைத்ததே.’

மூன்றாவது வாக்கியத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் 2008இல் வந்த திருத்தத்தால் குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை ஒருவரை உள்ளே வைக்க வழி இருக்கிறது. உளவாளி சொன்னதற்கும் நிரூபிக்கப்பட்டதற்கும் வேறுபாடு தெரியாத செய்தித் தமிழ், அந்த 180 நாளில் ஒரு மனிதரைக் குற்றவாளியாக்கி முடித்துவிடும். தகவல், உளவு, முன்துப்பு, புலனாய்வு, சான்று என்று ஐந்தும் தனித்தனிச் சொல்லாக இருந்தால் எழுதுகிறவர் எதைச் சொல்கிறோம் என்று ஒரு கணம் நின்று பார்ப்பார்.

அப்புறம் ஒன்று. உரையில் ‘டெரரிசம்’ வரும் இடமெல்லாம் பயங்கரவாதம் என்றே போடுங்கள் ஐயா. தீவிரவாதம் வேண்டாம். தீவிரமான கருத்து வைத்திருப்பது மட்டுமே குற்றமாகாது. சட்டம் வரையறுப்பது பயங்கரவாதச் செயலைத்தான். நம் நாளிதழ்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவதை நாம் தொடர வேண்டியதில்லை.

ஈழத்திலிருந்து எழுதும் தோழிக்கு ஒரு கேள்வி: அங்கே ‘புலனாய்வுத் தகவல்’ என்பது ஊன்றிப்போன வழக்கு. அதை விட்டு ‘உளவு’ என்று மாற்றச் சொல்வது நடைமுறையில் கடினம் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் முன்துப்பு அங்கேயும் இங்கேயும் ஒரே பொருளில் நிற்கும் என்று நினைக்கிறேன். உங்கள் பக்கத்துப் பேச்சில் துப்பு என்ற சொல் இதே பொருளில் இயல்பாக வருகிறதா, வேறு வாடை அடிக்கிறதா என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு ஐயா முடிவு செய்யட்டும்.

அன்புடன்.